பலாங்கொடைக் கல்லும் பேராதனைத் தந்தியும்

(கண்டி நகரில் ஆசிரியரும் தோட்டத்தாரும் கமக்காரரும் கூடியிருந்த அவையிலே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நவீன பௌதிகத்தின் வரலாற்றை அதன் அரசியற் சூழலோடு சேர்த்து எடுத்துரைக்குமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். அந்த வரலாறு என்றவுடன் கேம்பிரிட்ஜ், பேர்ளின், கோப்பன்ஹேகன் என்று மேல்நாட்டு நகரங்களே நம் மனத்தில் எழுகின்றன. கண்டி எழுவதில்லை, பேராதனையும் எழுவதில்லை. ஆயினும் அந்தச் சரித்திரம் நமது வாசலை இருமுறை தொட்டுச் சென்றிருக்கிறது. முதன்முறை அது இந்நாட்டிலிருந்து கல்லாகப் போயிற்று. இரண்டாம் முறை இந்நகருக்குத் தந்தியாக வந்தது. போனபோதும் வந்தபோதும் இந்நாட்டு மக்களிடம் எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கல்லையும் அந்தத் தந்தியையும் வைத்துக்கொண்டே இன்று பேச விரும்புகிறேன்.

தந்தியை முதலில் எடுத்துக்கொள்வோம். 1944ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே, தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றப்பட்டது. தலைமைத் தளபதி மவுண்ட்பேற்றன் கண்டியிலிருந்த தேசாதிபதி மாளிகையிலே குடியேறினார். பேராதனைப் பூங்காவிலே, வெள்ளைக்காரர் உலகமெங்கணுமிருந்து கொண்டுவந்து நட்ட மரங்களின் நிழலிலே, அலுவலகக் கொட்டில்கள் வரிசை வரிசையாக எழுந்தன. பர்மாவையும் மலாயாவையும் மீட்கும் திட்டங்கள் அங்கேதான் தீட்டப்பட்டன. மலாயாக் கரையிலே படையிறக்குவதற்கு 1945 செப்டெம்பர் 9ஆம் நாள் குறிக்கப்பட்டிருந்தது. படை இறங்கவிருந்த சிலாங்கூர்க் கரைக்குப் பின்னே இரப்பர்த் தோட்டங்கள். அங்கே பால்வெட்டியவர்களிற் பெரும்பாலோர் நம்மவர். மகாவலிக் கரையிலே சிலர் தேசப்படத்தில் கோடிழுக்க, அக்கோடு கடல் கடந்து இன்னொரு தமிழ்க் குடியிருப்பின் மேலாகச் சென்றது.

1945 ஜூலை 24ஆம் நாள் ஜேர்மனியின் பொற்ஸ்டாம் நகரிலே நடந்த மாநாட்டுக்கு மவுண்ட்பேற்றன் அழைக்கப்பட்டிருந்தார். அதற்கு எட்டு நாள் முன்னர் நியூ மெக்சிக்கோப் பாலைவனத்திலே முதலாவது அணுகுண்டு வெடித்துப் பார்க்கப்பட்டிருந்தது. அந்த இரகசியத்தைச் சேர்ச்சில் அவருக்குச் சொன்னார். உடனே அவர் தமது தலைமையகத்துக்கு அவசரச் செய்தி அனுப்பினார். யப்பான் விரைவிலே பணியக்கூடும், அதற்கு ஆயத்தமாக இருங்கள் என்பது அதன் சாரம். ஏன் பணியும் என்பதைச் சொல்ல அவருக்கு உரிமையில்லை. பேராதனையிலிருந்த அவருடைய பிரதம அதிகாரிக்கே காரணம் தெரியாது என்றால், பூங்காவின் வேலிக்கு அப்பால் வயலுழுதவனுக்கும் கன்னொருவைக்கு வண்டியோட்டியவனுக்கும் என்ன தெரிந்திருக்கும்? ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமா எரிந்தது; 9ஆம் நாள் நாகசாகி எரிந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அவ்விரு நகரங்களிலும் மாண்டவர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். அப்பொழுதுதான் பேராதனைக்கு வந்த செய்தியின் பொருள் விளங்கிற்று.

அந்தக் குண்டுக்கு அடிப்படையான கண்டுபிடிப்பு எங்கிருந்து வந்தது? அதன் வேர்களுள் ஒன்று சப்பிரகமுவ மலையடிவாரத்து மண்ணிலே கிடக்கிறது.

இரத்தினக்கல் தோண்டுவோர், நிலத்தின் கீழே மணிகள் கலந்து கிடக்கும் சரளைப் படையை 'இல்லம்' என்பர். அந்தச் சரளையைக் கூடையிலிட்டு நீரில் அலசினால் பாரமானவை அடியில் தங்கும். நீலத்தையும் வைடூரியத்தையும் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிடுவது வழக்கம். பலாங்கொடைப் பகுதியில் அந்த மிச்சத்திலே கரிய நிறமும் சதுர வடிவமும் கொண்ட சிறு கற்கள் காணப்பட்டன; இரும்பிலும் பாரமானவை அவை. இலண்டனிலிருந்த இம்பீரியல் நிறுவகத்துக்கு அவை அனுப்பப்பட்டன. 1904ஆம் ஆண்டிலே டன்ஸ்ரன் என்னும் இரசாயனர் அவற்றைப் பகுத்தாராய்ந்து, இஃது அதுவரை அறியப்படாத கனிப்பொருள் என்றும், இதன் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு என்றும், யுரேனியமும் இதிலே கலந்திருக்கிறது என்றும் கண்டார். 'தோரியனைற்று' என்று அதற்குப் பெயரிடப்பட்டது.

அந்நாளில் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக இருந்தவர் நம்மவர். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர், ஆனந்த குமாரசுவாமி. 'சிவ நடனம்' எழுதிய கலைமேதையாகவே அவரை நாம் அறிவோம். அதற்குமுன் அவர் கல்லை உடைத்துப் பார்த்த விஞ்ஞானி என்பதை மறந்துவிடுகிறோம். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று, 1903 முதல் 1906 வரை அப்பதவியை வகித்தார். நமது கண்டி மாவட்டத்திலே, அம்பகோட்டைக்கு அருகிலுள்ள கங்காபிட்டிய என்னும் இடத்துக் கல்லொன்றைப் பிரயர் என்பவருடன் சேர்ந்து ஆராய்ந்து, அதுவும் புதிய கனிப்பொருளே என்று உலகுக்கு அறிவித்தார். இந்நாட்டின் பழம்பெயராகிய 'செரண்டிப்' என்பதிலிருந்து அதற்குச் 'செரண்டிபைற்று' என்று பெயர் வந்தது. அம்பகோட்டையிலிருந்து இங்கு வந்திருப்போர் எவரேனும் இருந்தால், உங்கள் ஊர்ப்பெயர் உலகத்துக் கனிப்பொருள் நூல்களிலெல்லாம் அச்சாகியிருக்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். பலாங்கொடைக் கல்லை அவர் முதலில் யுரேனியக் கனிப்பொருள் என மதித்தார். இலண்டன் ஆய்வே தோரியத்தைத் தெளிவாக்கிற்று. அவருடைய அறிவிலே குறையில்லை. குறை வேறெங்கோ இருந்தது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இந்தக் கல்லிலே பிரித்தானியருக்கு ஏன் அத்துணை அக்கறை? விளக்குக்காக. கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் பெற்றோமக்ஸ் விளக்கு எரிந்த காலத்தை மூத்தவர்கள் அறிவீர்கள். அதிலே வெண்ணிறமாய்ச் சுடர்விடும் 'மென்டில்' வலைக்குத் தோரியம் வேண்டும். எனவே கற்கள் கப்பலேறின. கல்லைத் தோண்டியவனுக்குக் கூலி கிடைத்தது. விளக்கு விற்றவனுக்கு இலாபம் கிடைத்தது. இதுவரை இது தேயிலைக் கதைதான், இதிலே புதுமையில்லை.

ஆனால் விளக்குக்காரர் தேடாத ஒன்று அந்தக் கல்லுக்குள் இருந்தது. அதைச் சூடாக்கினால் ஒரு கிராம் கல்லிலிருந்து ஏறத்தாழ 9 கன சென்ரிமீற்றர் ஈலிய வாயு வெளிப்பட்டது. கல்லுக்குள் வாயு எப்படிப் புகுந்தது? வெளியிலிருந்து புகவில்லை; உள்ளேயே பிறந்தது. தோரியமும் யுரேனியமும் தாமாகவே சிதைந்துகொண்டிருக்கும் மூலகங்கள். சிதையும்போது அவை வீசும் துணிக்கைகளே ஈலியமாகின்றன. அப்படியாயின், எவ்வளவு வாயு சேர்ந்திருக்கிறது என்று அளந்து, ஆண்டுக்கு எவ்வளவு பிறக்கும் என்றும் அறிந்தால், கல்லின் வயதைக் கணக்கிடலாமன்றோ? இங்கிலாந்திலே ஸ்திரட் என்பார் இலங்கைத் தோரியனைற்றையே எடுத்து இந்தக் கணக்கைச் செய்தார். பூமியின் வயது 2 கோடி முதல் 4 கோடி ஆண்டுவரை எனக் கெல்வின் பிரபு 1897இல் அறுதியிட்டிருந்தார். பலாங்கொடைக் கல்லின் கணக்கு அந்த எல்லையைப் பன்மடங்கு தாண்டிற்று. மேல்நாட்டுப் பேரறிஞர் ஒருவர் போட்ட வேலியை, நம் நாட்டு மணிக்குழியிலே கழித்தெறியப்பட்ட கல் உடைத்தது என்று சொன்னால் அதிலே மிகையில்லை.

நிற்க. இக்கதையின் நடுநாயகம் இனித்தான் வருகிறது.

1904ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே ஒட்டோ ஹான் என்னும் இளைய ஜேர்மானிய இரசாயனர் இலண்டனுக்கு வந்தார். அவர் வந்தது விஞ்ஞானத்தின்மேல் எழுந்த தாகத்தாலன்று. தொழிற்சாலையொன்றில் உத்தியோகம் பெறுவதற்கு ஆங்கிலம் பழகவேண்டியிருந்தது. (உத்தியோகத்துக்காக ஆங்கிலம் படித்தவர்கள் நாம் மட்டுமல்லர் என்பது சிறிது ஆறுதல்.) குமாரசுவாமி கற்ற அதே கல்லூரியிலே, சேர் வில்லியம் இராம்சேயின் ஆய்வுகூடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. இராம்சே அவரிடம் ஓர் உப்பைக் கொடுத்து, இதிலே மிகச் சிறிதளவு இரேடியம் இருக்கிறது, பிரித்தெடுத்துத் தருவீராக என்றார். பேரியம் உப்பு அது. இலங்கைத் தோரியனைற்றிலிருந்து எடுக்கப்பட்டது.

இரேடியத்தைப் பேரியத்திலிருந்து பிரிப்பது இலேசான வேலையன்று. இரசாயனக் குணத்திலே இரண்டும் உடன்பிறந்தவை போன்றவை. ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. உப்புநீர் வெயிலிலே வற்றும்போது சோற்றுப்பு முதலிற் படியும். கசப்பு உப்புக்கள் நீரிலேயே நிற்கும். படிந்ததை மீண்டும் கரைத்து மீண்டும் படியவிட்டால் மேலும் தூய்மையாகும். அதுபோலவே பளிங்காக்கி, கரைத்து, மறுபடியும் பளிங்காக்கிப் பலமுறை செய்யின், இரேடியம் படிகிற பக்கத்திலே சிறிது சிறிதாகக் கூடிவரும். நெல்லைச் சுளகிலே புடைப்பதுபோல ஒரே வீச்சிலே முடியும் காரியமன்று. பொறுமை வேண்டும், கைப்பழக்கம் வேண்டும், ஒவ்வொரு படியிலும் கதிர்வீச்சை அளந்து பார்க்கும் கூர்மை வேண்டும். அந்தக் கைப்பழக்கத்தை ஹான் பழகியது இலங்கைக் கல்லிலே. பழகும்போதே, இரேடியமும் அல்லாத, தோரியமும் அல்லாத ஒரு புதிய கதிர்ப்பொருள் அதிலே இருப்பதைக் கண்டார். 1905ஆம் ஆண்டிலே 'இரேடியோதோரியம்' என்ற பெயரால் அஃது அறிவிக்கப்பட்டது. உத்தியோகத்துக்கு ஆங்கிலம் படிக்க வந்தவர் விஞ்ஞானியானார். அங்கிருந்து மொன்றியலுக்கு இரதபோட்டிடம் சென்று, 1906இலே பேர்ளினுக்குத் திரும்பினார்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1938 திசெம்பரிலே, பேர்ளினில், ஹானும் ஸ்திராஸ்மானும் யுரேனியத்தை நியூத்திரன்களால் தாக்கிவிட்டு, அதிலே உண்டான பொருளைப் பேரியத்தோடு சேர்த்துப் படியவைத்தார்கள். கிடைத்தது இரேடியம் என்றே எண்ணினார்கள். இரேடியமாயின் பேரியத்திலிருந்து பிரிக்கலாமே! பழைய முறைப்படி பளிங்காக்கிப் பார்த்தார்கள், பிரியவில்லை. மறுபடியும் செய்தார்கள், பிரியவில்லை. வேறொருவராக இருந்தால், என் கையிலே பிழை என்று விட்டிருப்பார். ஹான் விடவில்லை. இலண்டனிலே அந்த உப்போடு மல்லுக்கட்டிய நாள் முதலாக, இரேடியம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவரைப் போல் அறிந்தவர் சிலரே. பிரியவில்லை என்றால் அஃது இரேடியமன்று, பேரியமேதான் என்ற முடிவுக்கு அவர் வந்தார். யுரேனியத்தின் கருவானது பேரியம் முதலான சிறிய கருக்களாகப் பிளந்துவிட்டது! இதுவே கருப்பிளவு, இதிலிருந்தே அணுமின்சாரமும் அணுகுண்டும் பிறந்தன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஹிரோஷிமாக் குண்டு இலங்கைக் கல்லாற் செய்யப்பட்டதென எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். அதற்கான யுரேனியத்திலே பெரும்பகுதி பெல்ஜியரின் ஆட்சியிலிருந்த கொங்கோவிலிருந்து வந்தது. கறுப்பு மக்கள் தோண்டியது. நமது கல் குண்டுக்குள் போகவில்லை. குண்டுக்கு வழிகாட்டிய மனிதரின் விரல்களுக்குப் பயிற்சி கொடுத்தது. தோண்டியவர்கள் கொங்கோவிலும் அறியார், பலாங்கொடையிலும் அறியார். ஹிரோஷிமாச் செய்தி வானொலியில் வந்தபோது ஹான் இங்கிலாந்திலே பண்ணை வீடொன்றிற் சிறைவைக்கப்பட்டிருந்தார். அத்தனை உயிர்களுக்கும் தாமே பொறுப்பு என்று அவர் மனமுடைந்ததாக அங்கிருந்த அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். அவருக்குத் துயரப்படவாவது ஓர் இடம் இருந்தது.

இந்த வரலாற்றிலே ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்லாமற் போனால் அது பாவம். லீசா மைற்னர் அவர் பெயர். ஒஸ்திரியாவிலே யூதக் குடும்பத்திற் பிறந்தவர். 1907 முதல் பேர்ளினிலே ஹானோடு சேர்ந்து உழைத்த பௌதிகவியலாளர். யுரேனிய ஆய்வைத் தொடங்கத் தூண்டியவரும் அவரே. 1933 ஏப்பிரிலிலே ஹிட்லரின் ஆட்சி சட்டமொன்றை இயற்றி, யூதப் பிறப்பினரை அரசாங்கச் சேவையிலிருந்து அகற்றிற்று. அவர் விரிவுரையாளர் உரிமையை இழந்தார். ஆயினும் ஒஸ்திரியக் குடியுரிமை இருந்ததால் ஆய்வுகூடத்திலே நீடிக்க முடிந்தது. 1938 மார்ச்சு மாதத்திலே ஹிட்லர் ஒஸ்திரியாவை விழுங்கினார். ஒரே இரவில் அவருடைய கடவுச்சீட்டு வெறுந்தாளாயிற்று. நாடுவிட்டுப் போகவும் உரிமையில்லை, இருக்கவும் பாதுகாப்பில்லை. ஜூலை மாதத்திலே நண்பர் சிலரின் துணையோடு இரகசியமாக ஒல்லாந்துக்குத் தப்பினார். புறப்படும்போது, எல்லையில் எவருக்கேனும் கொடுக்க நேர்ந்தால் என்று ஹான் தம் தாயாரின் வைர மோதிரத்தை அவரிடம் கொடுத்தனுப்பினார்.

ஐந்து மாதத்துக்குப் பின்னர் ஹான், பிரிய மறுத்த பேரியத்தைப் பற்றிச் சுவீடனிலிருந்த அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அதன் பௌதிகப் பொருளை விளக்கியவர்கள் அகதியாயிருந்த அந்த அம்மையாரும், அவரைப் போலவே நாடிழந்த சகோதரி மகன் பிரிஷ்ஷுமே. நோபெல் பரிசோ ஹானுக்கு மட்டுமே கிடைத்தது. பிறப்பைக் காரணமாக வைத்துத் தன் அறிஞரைத் துரத்திய ஜேர்மனி, இருபது ஆண்டுகளாக உலகத்தின் தலைவாசலாக வைத்திருந்த பௌதிகத்தை ஐந்தே ஆண்டிலே கைநழுவவிட்டது.

குடியுரிமை என்னும் சொல் இந்த மண்டபத்திலே எவருக்கும் புதிதன்று. ஜேர்மனியின் கொலைக்கூடங்களோடு வேறெதையும் ஒப்பிடுவது முறையன்று, நான் ஒப்பிடவில்லை. ஆயினும், ஒருவர் காலையிலே நாட்டவராக எழுந்து மாலையிலே நாடற்றவராகப் படுப்பது எப்படியிருக்கும் என்பதைக் கண்டி மாவட்டத்துத் தோட்டத்தாருக்கு லீசா மைற்னரின் கதையால் விளக்கவேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினாலும் அதைத் தொடர்ந்து வந்த சட்டங்களினாலும் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். அமைச்சரவையிலே அன்றிருந்த செ. சுந்தரலிங்கம் அவ்வாண்டின் இறுதியிலே பதவியைத் துறந்தார். அரசியலுக்கு வருமுன் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலே கணிதப் பேராசிரியராயிருந்தவர் அவர். 1964 ஒக்ரோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்று ஒதுக்கிவைத்தது. மூட்டைக் கணக்குப் போல் மனிதக் கணக்கு. நாடற்ற நிலையை முற்றாக நீக்குவதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளிலே இலயத்து அறைகளில் எத்தனை பிள்ளைகள் பிறந்து, கல்வியின் வாசலைக் காணாமலே வளர்ந்தார்கள் என்பதற்குக் கணக்கு எழுதியவர் இல்லை.

இனி, முன்னர் விட்டுவைத்த குறைக்கு வருகிறேன். பலாங்கொடைக் கல்லின் இரகசியம் ஏன் இலண்டனிலே வெளிப்பட்டது? 1904இல் இந்நாட்டிலே பல்கலைக்கழகம் இல்லை. அத்தகைய பகுப்பாய்வுக்கு வேண்டிய ஆய்வுகூடமும் இல்லை. இதை அந்நாளிலேயே உணர்ந்தவர்கள் இருவர். ஒருவர் குமாரசுவாமி, மற்றவர் அவருடைய மைத்துனர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1906ஆம் ஆண்டிலே இலங்கைக்குப் பல்கலைக்கழகம் வேண்டுமென்று அருணாசலம் இயக்கம் தொடங்கினார். குமாரசுவாமி தாய்மொழிக் கல்விக்காக வாதாடினார். பல்கலைக்கழகம் கிடைத்தது 1942இல். முப்பத்தாறு ஆண்டுகள்! ஹான் கல்லைப் பிரிக்கப் பழகியதிலிருந்து கருவைப் பிளந்ததுவரையான காலத்திலும் அது நீண்டது. குமாரசுவாமி அதற்குள் கல்லை விட்டுக் கலைக்குச் சென்றுவிட்டார். கண்டி நாட்டுக் கம்மாளரின் கைவண்ணத்தை ஆராய்ந்து 1908இலே பெருநூல் வெளியிட்டார். பின்னர் பொஸ்ரன் நகரிலே வாழ்ந்து 1947இல் மறைந்தார். நமது கலைக்கு அதனால் வந்த இலாபம் பெரிது. ஆயினும், 1906ஆம் ஆண்டிலே கண்டியில் ஓர் ஆய்வுகூடம் இருந்திருந்தால் அவர் எந்த வழியிலே சென்றிருப்பார் என்று எண்ணாமலிருக்க என்னால் முடியவில்லை.

1952இலே பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தது. படைத் தலைவர்கள் யுத்தத் திட்டம் தீட்டிய பூங்காவுக்கு அண்மையிலே, மாணவர் புத்தகம் சுமந்து நடந்தனர். எனினும் பௌதிகம் கொழும்பிலேயே நின்றது. பேராதனையிலே விஞ்ஞான பீடம் அமைந்தது 1961இல். கொழும்பிலே பௌதிகத்துக்குப் பேராசிரியர் மயில்வாகனம் இருந்தார். கணிதத்துக்குக் கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர் இருந்தார். கேம்பிரிட்ஜிலே டிராக்கின் மாணாக்கராயிருந்து, இலத்திரனின் இயக்கத்தைப் பற்றி அவர் நிறுவிய முடிவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1959ஆம் ஆண்டிலே எலியேசர் மலாயாவுக்குப் போனார். பின்னர் அவுஸ்திரேலியாவுக்குப் போனார். 2001இலே அங்கே காலமானார். முன்பு கல்லை ஏற்றுமதி செய்தோம். பின்பு கல்லைப் படிக்கத் தெரிந்தவரை ஏற்றுமதி செய்தோம்.

அடுத்ததாகத் தரப்படுத்தல் வந்தது. 1971ஆம் ஆண்டு அனுமதியிலே பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவர் 250 புள்ளி பெறவேண்டும், சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 போதும் என்று வைத்தார்கள். பௌதிக விஞ்ஞானத்துக்கு 204க்கு எதிராக 183. அநீதி அநீதியே; அதனால் நாட்டிலே மூண்ட நெருப்பை நீங்கள் அறிவீர்கள். தமிழ்ப் பத்திரிகைகள் அந்த 23 புள்ளியையும் 21 புள்ளியையும் பற்றி எழுதிய பக்கங்களை அடுக்கினால் ஒரு மலையாகும்.

ஆனால், பெரியோர்களே, இங்கே நம்மையே நோக்கி ஒரு கேள்வி கேட்கவேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்து மாணவன் 249 புள்ளி எடுத்துவிட்டு வெளியிலே நின்று அழுதான். அவன் அழுதது நியாயம். அதே ஆண்டிலே தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் தோட்டப் பாடசாலைப் பிள்ளை எத்தனை புள்ளி எடுத்தான்? அவன் பரீட்சை மண்டபத்தையே காணவில்லை. ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் பள்ளிக்கூடத்திலே பௌதிகம் எங்கிருந்து வரும்? பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மணியோசை கேட்கும் தூரத்திலே அவன் கொழுந்துக் கூடையோடு நின்றான். அவனைப் பற்றி எழுதிய பக்கங்கள் மலையாகவில்லை, மடுவும் நிரம்பவில்லை. அவனுக்கு அநியாயம் செய்த பட்டியலிலே அரசாங்கத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நாம் கைகழுவ இயலாது.

ஹந்தானை மலையைப் பாருங்கள். அதன் சரிவிலே அடிப்படை விஞ்ஞான ஆராய்ச்சிக்கென 1981ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உருவான தேசிய நிறுவகம் இருக்கிறது. அதே மலையிலே பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று நூதனசாலையாகி, வெளிநாட்டுப் பயணிகளுக்கு இயந்திரங்களைக் காட்டுகிறது. அதே மலையிலேதான் இலயங்களும் இருக்கின்றன. ஆய்வுகூடத்துக்கும் இலயத்துக்கும் இடையே உள்ள தூரம் நடையிலே சொற்பம். வாழ்க்கையிலே எவ்வளவென்று நான் சொல்லத் தேவையில்லை.

கமக்காரர் ஒருவர் எழுந்து, இதெல்லாம் எனக்கெதற்கு என்று கேட்கலாம். கேட்பது நியாயம். உங்கள் நெல்லினங்களைத் திருத்தும் ஆராய்ச்சியிலே கதிர்வீச்சு பயன்படுகிறது. புற்றுநோய்க்கு உங்கள் வீட்டார் வைத்தியசாலைக்குப் போனால் அங்கே கதிர்வீச்சே மருந்தாகிறது. அந்தக் கருவியை இயக்குவதற்கும், அதன் அளவைக் கணக்கிடுவதற்கும், அது பழுதானால் கண்டறிவதற்கும் பௌதிகம் கற்றவர் வேண்டும். இன்னொன்றும் உண்டு. புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலுக்கென்று 1957இலே அரசாங்கக் கூட்டுத்தாபனம் அமைத்தார்கள். இல்மனைற்றும் உரூட்டைலும் சேர்க்கனும் நிறைந்த மணல் அது. பிறந்து இத்தனை ஆண்டுகளாகியும் அந்த மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறி வந்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலும் தோரியம் இருக்கிறது. சுதந்திரம் பெற்றதும் இந்திய அரசாங்கம் அதை வெறும் சரக்காக விற்காமல், 1948இலே அணுசக்தி ஆணைக்குழுவை அமைத்துத் தன் விஞ்ஞானிகளின் கையிலே ஒப்படைத்தது. அவர்கள் குண்டும் செய்தார்கள். அதை நான் புகழவில்லை. மணலை என்ன செய்வதென்று முடிவுசெய்யும் மேசையிலே அவர்கள் இருந்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். பேராதனைக்குத் தந்தி வந்த நாளிலே நமக்கு இல்லாதது அந்த மேசையில் ஓர் ஆசனமே.

ஆகவே நான் கேட்பது பெரிய கோரிக்கையன்று. மத்திய மாகாணத்திலே தோட்டப்புறத்துப் பிள்ளைகள் பயிலும் தமிழ்ப் பாடசாலைகளிலே உயர்தர வகுப்பு இருப்பவை எத்தனை, அவற்றிலே பௌதிகமும் இணைந்த கணிதமும் தமிழிலே கற்பிக்கும் ஆசிரியர் உள்ளவை எத்தனை என்று இங்கிருக்கும் ஆசிரியர்கள் தத்தம் வலயத்திலே பெயரோடு பட்டியல் எடுங்கள். நியாயவாதிகளே, அந்தப் பட்டியலை மாகாணக் கல்வி அமைச்சின் முன்னும், வேண்டுமாயின் நீதிமன்றத்தின் முன்னும் வைப்பது எப்படி என்று சொல்லுங்கள். பேராதனையிலே பயிலும் தமிழ் மாணவர்களே, சனிக்கிழமையில் அரைநாளை ஒதுக்கி ஹந்தானைக்கும் கலகாவுக்கும் போங்கள். தராசும் வெப்பமானியும் ஒரு வில்லையும் எடுத்துச் செல்லுங்கள். அவை போதும் தொடங்குவதற்கு. பெற்றோரே, கணிதம் வராது என்று ஒன்பதாம் ஆண்டிலேயே பிள்ளையைக் கலைப்பிரிவுக்கு ஒதுக்கும் அதிபரிடம், ஏன் வராது என்று ஒருமுறை கேளுங்கள். ஆசிரியர் இல்லை என்பது விடையானால், அந்த விடையை எழுத்திலே வாங்குங்கள்.